பாஸ்தா செஞ்ச அம்மாவைத் திட்டினது போதும்

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. பள்ளிக்கூடம் திறந்தாச்சு, வீட்டுக்கு வீடு ஓட்டமா இருக்கு. இந்த நேரத்துல ராத்திரிச் சாப்பாடு பத்தி ஒண்ணு சொல்லியாகணும். ரெண்டு வருஷம் முன்னாடி இதே பக்கத்துல நான் எழுதின ஒரு பதிவு தப்பு. அதைத் திருத்தத்தான் இது.

2/ அன்னைக்கு நான் எழுதினதோட சாரம்: பாஸ்தான்னா மைதா, மைதான்னா விஷம், பிள்ளைக்கு விஷம் வைக்காதீங்க. நிறைய பேர் பகிர்ந்தீங்க, வாட்ஸ்அப்ல பள்ளிக்கூடக் குரூப் வரைக்கும் போச்சு. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அது எங்க போய் முடிஞ்சுதுன்னு இந்த ஜூன்லதான் பாத்தேன்.

3/ நான் ஜலகண்டாபுரத்துல பொது மருத்துவம் பாக்குறேன். தறிச் சத்தம் கேட்காத தெரு இங்க கம்மி. ஒரு நாள் காலைல பத்து மணிக்கு ஒரு அம்மா, பள்ளிக்கூட யூனிபார்ம்ல இருந்த பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆறாம் வகுப்பு. காலை வழிபாட்டுல நிக்கும்போது மயங்கி விழுந்துட்டா. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

4/ "காலைல என்ன கண்ணு சாப்பிட்டே?"ன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல. ஏழரைக்கு பஸ். "ராத்திரி?" பொண்ணு அம்மா முகத்தைப் பாத்தா. அம்மா தரையைப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "ரெண்டு பப்ஸுங்க சார்... பேக்கரியில வாங்கினது."

5/ கோபம் வந்துச்சு எனக்கு. "ஏம்மா, வீட்டுல ஏதாவது செஞ்சு குடுக்கக் கூடாதா?"ன்னு கேட்டுட்டேன். அவங்க சொன்ன பதில்: "முன்னாடி பாஸ்தா செய்வனுங்க சார். கேரட்டு, பீன்ஸு, முட்டை எல்லாம் போட்டு. பாப்பாவும் தட்டு காலி பண்ணிரும். அது விஷம்னு ஒரு டாக்டர் எழுதினதை வீட்டுக்காரர் காமிச்சாரு. அதோட நிறுத்திட்டங்க."

6/ அந்த டாக்டர் யாருன்னு நான் கேட்கல. அவங்க போனை நீட்டியிருந்தா என் படம்தான் இருந்திருக்கும்.

7/ ரத்தம் பரிசோதிச்சோம். ஹீமோகுளோபின் 8.6. பதினொரு வயசுப் பிள்ளைக்கு 11.5-க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்தக் கணக்குல இது மிதமான ரத்தசோகை.

8/ இப்பவே சொல்லிடுறேன். பாஸ்தாவை நிறுத்தினதால ரத்தசோகை வரல. பாஸ்தா சாப்பிட்டா அது போகவும் போகாது. 8.6-க்கு மருந்து வேணும், குடற்புழு மாத்திரை வேணும், காரணம் தேடணும். அதெல்லாம் செஞ்சோம். ஆனா அந்த வீட்டுல காயும் முட்டையும் இருந்த ஒரு ராத்திரிச் சாப்பாடு போயி, அந்த இடத்துல பப்ஸ் வந்து உக்காந்துச்சு. அதுக்கு நானும் பொறுப்பு.

9/ இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. அந்தப் பொண்ணு அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அரசுப் பள்ளியில காலைச் சாப்பாடு சாப்பிட்டவ. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில தொடங்குச்சு. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு. அருமையான திட்டம். ஆனா அது அஞ்சாம் வகுப்போட முடியுது.

10/ அப்போ ஆறாம் வகுப்புக்குப் போற பிள்ளைக்கு இந்த ஜூன் என்ன செய்யுது? காலைச் சாப்பாட்டை எடுத்துடுது. பள்ளிக்கூடத்தைத் தூரமாக்குது. பஸ் நேரத்தை முன்னால தள்ளுது. பல பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குற வயசும் இதுதான். இரும்புச் சத்து அதிகமா வேணும்ங்கிற வருஷத்துல ஒரு வேளை சாப்பாடு குறையுது.

11/ மதியம் சத்துணவும் முட்டையும் இருக்கு, நல்லது. ஆனா முந்தின நாள் ராத்திரியிலிருந்து மதியம் வரைக்கும் அந்தப் பிள்ளை நிக்கிறது ராத்திரிச் சாப்பாட்டை நம்பித்தான். அதனாலதான் "அட, ராத்திரி ஏதோ ஒண்ணு"ன்னு விட முடியாது. அதனாலதான் அந்த ராத்திரிச் சாப்பாட்டைக் கெடுத்த என் பதிவைப் பத்தி இவ்வளவு பேசுறேன்.

12/ இப்போ அந்த வீட்டு ராத்திரியைப் பாருங்க. அம்மா பட்டறையில தார் சுத்துறாங்க. வீடு வரும்போது ஏழு. நோட்டுக்கு அட்டை போடணும், லேபிள் ஒட்டணும், யூனிபார்ம் துவைக்கணும், நாளைக்கு ஏதோ சார்ட் வேணும்னு சின்னவன் ஒன்பது மணிக்கு ஞாபகப்படுத்துவான். ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் இதே கதைதான்.

13/ அந்த அம்மாகிட்ட நம்ம ரீல்ஸ் டாக்டர்கள், ஆரோக்கிய ஆர்வலர்கள் சொல்றது: ராகி களி கிண்டுங்க, சிறுதானிய அடை சுடுங்க, பாரம்பரியத்துக்குத் திரும்புங்க. களி அருமையான சாப்பாடு. ராகியில இருக்குற சுண்ணாம்புச் சத்து அரிசியிலயும் கோதுமையிலயும் கிடையாது. நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஒரே ஒரு கேள்விதான்: கிண்டறது யாரு?

14/ மத்திய அரசோட 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யுற பெண்கள் அதுக்காக ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சராசரியா 299 நிமிஷம். ஆண்கள் 97. அந்த 97 நிமிஷமும் வேலை செய்யுற ஆண்களோட சராசரிதான். ஒண்ணுமே செய்யாதவங்க அந்தக் கணக்குல வரவே இல்ல.

15/ அஞ்சு மணி நேரம் ஏற்கெனவே வேலை செய்யுற ஆளுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் குடுக்குற ஆலோசனை மருத்துவ ஆலோசனை இல்லைங்க. அது அதிகாரம். பாரம்பரியத்தைப் பத்தி மேடையில பேசுற நம்ம ஆளுங்க முதல்ல ஒரு வாரம் களி கிண்டிட்டு வந்து பேசட்டும். நானும் சேர்த்துத்தான்.

16/ சரி, "நம்ம மண்ணு சாப்பாடு இல்லையே"ங்கிற வாதத்துக்கு வருவோம். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் சந்தகை தெரியாத வீடு உண்டா? புழுங்கலரிசியை ஊறவெச்சு, ஆட்டி, ஆவியில வேகவெச்சு, சூடு ஆறுறதுக்குள்ள சந்தகை மரத்துல போட்டு ஒருத்தர் அழுத்த, ஒருத்தர் தட்டு பிடிக்க... மாவை அச்சுல பிழிஞ்சு எடுக்குறதுதானே?

17/ பாஸ்தாவும் அதேதான். கோதுமை ரவையைப் பிசைஞ்சு, அச்சுல அழுத்தி, காயவெச்சு எடுத்தது. சந்தகைக்கு ரெண்டு ஆளும் ஒரு முழுக் காலையும் வேணும். பாஸ்தாவுல அந்த வேலையை மிஷின் செஞ்சு முடிச்சிருக்கு. தறிக்கு கரண்ட் வந்ததை ஏத்துக்கிட்ட ஊருங்க இது.

18/ சேமியாவை யாராவது விஷம்னு சொல்றோமா? அதுவும் கோதுமைதான், அதுவும் அச்சுல பிழிஞ்சதுதான். காலை உணவுத் திட்டத்துலயே சேமியா உப்புமா இருக்கு, கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம், 15 கிராம் பருப்பு, அந்தந்த ஊர்ல விளையுற காய். அந்தக் கணக்குலதான் நம்ம பாடம் இருக்கு. தானியம் எந்த வடிவத்துல இருக்குங்கிறது சின்ன விஷயம். கூட என்ன போகுதுங்கிறதுதான் பெரிய விஷயம்.

19/ "வெளிநாட்டுது"ன்னு ஒதுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்தை ஊருக்கெல்லாம் தெரியவெச்ச ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்குலிருந்து வருது. மரவள்ளி தென் அமெரிக்காவுல பிறந்த பயிர். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்கள்லிருந்து வந்ததுதான். இதையெல்லாம் எடுத்துட்டா உங்க பாரம்பரியக் குழம்புல என்ன மிஞ்சும்?

20/ இப்போ மருத்துவம். "மைதாவுல அலோக்ஸான் இருக்கு, சர்க்கரை நோய் வரும்"னு ஒரு ஃபார்வர்டு வருஷக்கணக்கா சுத்துது. அலோக்ஸான்ங்கிறது ஆய்வகத்துல எலிக்கு ஊசியா ஏத்தி, கணையத்தைக் கெடுத்து, சர்க்கரை நோயை உண்டாக்கப் பயன்படுத்துற ரசாயனம். மைதா சாப்பிட்டு மனுஷனுக்கு அந்த வழியில சர்க்கரை நோய் வந்ததா எந்த நிரூபணமும் இல்ல. நான் இதையும் அன்னைக்கு எழுதினேன். தப்பு.

21/ மைதாவோட உண்மையான குறை வேற. நார்ச்சத்து போயிடுது, தவிட்டுல இருக்குற சத்து போயிடுது. கூடவே அது பரோட்டா, பப்ஸ், பிஸ்கட்னு எண்ணெய், வனஸ்பதி, சர்க்கரையோட கூட்டணி போட்டுத்தான் தட்டுக்கு வருது. அந்தக் கூட்டணிதான் பிரச்சனை.

22/ எல்லாப் பாஸ்தாவும் மைதா கிடையாது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சேர்மானத்துல முதல்ல "ரவை" அல்லது "சூஜி"ன்னு இருந்தா எடுங்க. "சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு"ன்னு இருந்தா அதுதான் மைதா, வெச்சுடுங்க. இது படிக்க பத்து செகண்ட். ரெண்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இருக்குறதில்ல.

23/ ரவைப் பாஸ்தாவுல நூறு கிராமுக்கு சுமார் 12 கிராம் புரதம் இருக்கு. வெள்ளை அரிசியில 8-ஐ ஒட்டி. ரத்தத்துல சர்க்கரையை ஏத்துற வேகம், அதாவது கிளைசெமிக் இன்டெக்ஸ், பாஸ்தாவுக்கு 50-ஐ ஒட்டி. வெள்ளைச் சோத்துக்குப் பெரும்பாலும் 70-ஐ ஒட்டி. மாவை அழுத்திப் பிழியுறதால மாவுச்சத்து கெட்டியா அடைபட்டு, மெதுவா செரிக்குது. கொழகொழன்னு வேகவெச்சா இந்த நன்மை குறையும்.

24/ இதுக்காக "சோறு கெட்டது, பாஸ்தா நல்லது"ன்னு அடுத்த ஃபார்வர்டைக் கிளப்பிடாதீங்க. சோறும் நல்லதுதான். நான் சொல்றது இவ்வளவுதான்: வாரத்துல ரெண்டு ராத்திரி காய்கறிப் பாஸ்தா செய்யுற அம்மா எந்தத் தப்பும் செய்யல.

25/ உடனடி நூடுல்ஸையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அது பெரும்பாலும் மைதா, எண்ணெயில பொரிச்சு எடுத்தது, கூட ஒரு மசாலா பாக்கெட். பின்னாடி சோடியம் எவ்வளவுன்னு போட்டிருக்கும். அதை 2.5-ஆல பெருக்கினா உப்பு. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழ உப்புதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெருக்கிப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

26/ திட்டணும்னா திட்ட வேண்டியது நிறைய இருக்கு. பால்ல கலக்குற பவுடரைத் திட்டுங்க. 2024 ஏப்ரல்ல மத்திய வணிக அமைச்சகமே அந்த மாதிரி பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பட்டியல்லிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லுச்சு. அந்த டப்பாவுக்கு மாசம் முந்நூறு, நானூறு குடுக்குற வீடுகளை தினமும் பாக்குறேன். அந்தக் காசுக்கு அம்பது முட்டைக்கு மேல வரும். முட்டைக்குப் பேர் போன நாமக்கல் பக்கத்துலயே இருக்கு.

27/ இப்போ சொன்ன கணக்கு. நாலு பேருக்கு, எங்க ஊர்ல நான் வாங்கின விலையில (தினம் மாறும், உங்க ஊருக்கு ஏத்தபடி போட்டுக்கங்க):
ரவைப் பாஸ்தா கால் கிலோ: 25
தக்காளி கால் கிலோ: 8
வெங்காயம்: 5
கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எது மலிவோ அது, கால் கிலோ: 15
நிலக்கடலை 50 கிராம்: 8
முட்டை 4: 24
எண்ணெய், மசாலா, எலுமிச்சை: 7
மொத்தம் 92 ரூபாய். தலைக்கு 23.

28/ முருங்கைக் கீரையைக் கணக்குல சேர்க்கல. நம்ம பக்கம் அதுக்கு யாரு காசு குடுக்குறா? ஒரு கைப்பிடி பறிச்சுக்கங்க.

29/ செய்முறை. குக்கர்ல ரெண்டு கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, கடலை. வெங்காயம் வதங்கட்டும். தக்காளி, மஞ்சத்தூள், ஒரு ஸ்பூன் சாம்பார் பொடி, அளவா உப்பு. அரிஞ்ச காய், கழுவின பாஸ்தா. எல்லாம் மூழ்குற அளவுக்கு மட்டும் தண்ணி. ஒரு விசில். நிறுத்திட்டு ஆவியை எடுத்துடுங்க. திறந்ததும் கீரையைப் போட்டுக் கிளறி ரெண்டு நிமிஷம் மூடி வைங்க. கடைசியில எலுமிச்சை. முட்டையைத் தனியா அவிச்சுக்கங்க, இல்ல உடைச்சு ஊத்தி வறுத்துச் சேருங்க.

30/ ஒரே பாத்திரம், இருபது நிமிஷம். தனியா வேகவெச்சு தண்ணியை வடிக்க வேண்டாம். வடிச்சா பி வைட்டமின்ல ஒரு பங்கு அந்தத் தண்ணியோட போயிடும். உப்புமா செய்யத் தெரிஞ்ச யாரும் இதைச் செய்யலாம். "யாரும்"ங்கிறதுல அப்பாவும் உண்டு.

31/ விதி ஒண்ணே ஒண்ணுதான்: பாஸ்தா எவ்வளவு எடையோ அதே எடைக்காவது காய். இது இல்லாட்டி நான் மேல சொன்ன எதுவும் செல்லாது. வெறும் பாஸ்தாவுல சீஸும் பாட்டில் சாஸும் ஊத்திக் குடுத்துட்டு "டாக்டர் சொன்னாரு"ன்னு சொல்லாதீங்க. அந்த சாஸ் பாட்டில்ல சர்க்கரையும் உப்பும் எவ்வளவுன்னு அதுலயே எழுதியிருக்கும்.

32/ இந்தத் தட்டுல ஆளுக்கு சுமார் 16 கிராம் புரதம் வருது. 10 முதல் 12 வயசுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு சுமார் 33 கிராம்னு ஐசிஎம்ஆர் 2020-ல சொன்னது. கிட்டத்தட்ட பாதி. எலுமிச்சையும் தக்காளியும் கீரை, கடலையில இருக்குற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்க உதவும். சாப்பிட்ட கையோட டீ குடுக்காதீங்க, அது அந்த இரும்பைத் தடுக்கும்.

33/ எச்சரிக்கைகள். நாலு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில அடைக்கும், பொடிச்சுப் போடுங்க. கடலை, முட்டை, கோதுமை ஒத்துக்காதவங்க தவிர்க்கணும். சர்க்கரை நோய் உள்ளவங்க அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. முகம் வெளுப்பு, படியேறினா மூச்சு வாங்குறது, மண், சாக்பீஸ் திங்குறது இதெல்லாம் பிள்ளைகிட்ட இருந்தா சமையலை நம்பி உக்காராதீங்க, ரத்தம் பரிசோதிங்க.

34/ பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புலிருந்து வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை தர்றாங்க. வயித்தைப் பிரட்டுதுன்னு ஜன்னல் வழியா எறியுற பிள்ளைகள் நிறைய. சாப்பிட்டதுக்கு அப்புறம் போட்டா பிரட்டல் குறையும்னு சொல்லி அனுப்புங்க. குடற்புழு மாத்திரையையும் விடாதீங்க.

35/ முக்கியமான ஒண்ணு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல (2019-21) தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது மயங்கி விழுந்த பொண்ணைக் கூட்டிட்டு வர்ற அம்மாவுக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல. அன்னைக்கு அந்த அம்மாவுக்கும் பாத்தேன். 9.1.

36/ "நீங்க ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?"ன்னு அப்போதான் கேட்டேன். "இருந்ததைங்க சார்"னாங்க. குக்கர் அடியில ஒட்டினது. அதனால ஒரு ஏற்பாடு சொல்றேன்: நாலு தட்டு வெச்சா நாலாவது முட்டையை முதல்ல அம்மா தட்டுல வைங்க. அப்புறம் மத்தவங்களுக்குப் பரிமாறுங்க. நாலு பேருக்கு நாலு முட்டைன்னு கணக்குல எழுதினது அதுக்குத்தான்.

37/ சக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இது விஷம், அது விஷம்"னு எழுதினா கூட்டம் வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா ஒரு வீட்டுல ஒரு சாப்பாட்டை நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி, அந்த இடத்துல என்ன வரும்னு யோசிங்க. எழுபது ரூபாய் ஆர்கானிக் கேரட் அந்த இடத்துக்கு வராது. பேக்கரிதான் வரும், ஏன்னா அது தெரு முனையில இருக்கு, ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கு.

38/ அரசுக்கும் ஒண்ணு. அஞ்சாம் வகுப்பு முடிஞ்ச பிள்ளைக்கு பசி முடியுறதில்ல. காலை உணவை எட்டாம் வகுப்பு வரைக்குமாவது நீட்டுங்க. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிலிருந்து தொடங்கினாலும் சரி.

39/ அப்பாக்களுக்கு: அந்தப் பதிவைப் பொண்டாட்டிகிட்ட போன்ல காமிச்ச நேரத்துல கேரட் அரிஞ்சிருக்கலாம். எழுதின நேரத்துல நானும் அரிஞ்சிருக்கலாம். இப்போ வாரத்துல ரெண்டு நாள் எங்க வீட்டுல ராத்திரி குக்கர் என் பொறுப்பு. முதல் நாள் கொழஞ்சு போச்சு. பரவாயில்ல, சாப்பிட்டாங்க.

40/ பழைய பதிவை அழிச்சுட்டேன். ஆனா ஃபார்வர்டு ஆனதை என்னால அழிக்க முடியாது. உங்க குரூப்ல அது இருந்தா, அதுக்குக் கீழ இதைப் போடுங்க. அந்த அம்மாகிட்ட மருந்துச் சீட்டோட பின்பக்கம் 27-வது பதிவுல இருக்குற கணக்கை எழுதிக் குடுத்தேன். படிச்சுட்டு, "அப்ப செய்யலாமுங்களா சார்?"னு கேட்டாங்க. செய்யலாம்மா. தாராளமா செய்யுங்க.